மீன்வண்டியின் பட்டை: பழவேற்காட்டுக் கரைக்கு எந்திரம் வந்த கதை

பழவேற்காட்டின் வரலாறு பெரும்பாலும் கோட்டையையும் கல்லறையையும் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை டச்சுக்காரரின் சோழமண்டல வணிகத்துக்கு மையமாக இருந்ததும், 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் சென்றதும் நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் எந்திரங்களோடு பழகிய கதைக்கு அந்த அளவு இடம் கிடைத்ததில்லை. கிடைத்த இடத்திலும் அது படகில் பொருத்திய எந்திரத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் பிடிபட்ட மீன் பணமாவது கரைக்கு வந்த பிறகுதான் என்பதால், கரையிலிருந்து சந்தைக்கு ஓடும் வண்டிக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அந்த வண்டியின் எந்திரத்தில், ஓட்டுநரின் கண்ணுக்குப் படாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு ரப்பர்ப் பட்டை அறுந்தால் வண்டி சில கிலோமீட்டருக்குள் நின்றுவிடும் என்பதால், அந்தப் பட்டையைச் சோதிப்பதும் மாற்றுவதும் இக்கரையின் பொருளியலோடு பிணைந்த ஒரு தொழிலறிவாக வளர்ந்தது.

எந்திரம் எரிபொருளை எரித்துப் பெறும் சுழற்சியின் பெரும்பகுதி சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு சிறு பகுதி, எந்திரம் தன்னைத் தானே காத்துக்கொள்வதற்கு வேண்டிய துணைக் கருவிகளுக்குப் போகிறது. எந்திரத்தின் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் முன்முனையில் பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். இதைத் தமிழகப் பட்டறைகளில் ‘புல்லி’ என்பார்கள். இந்தப் புல்லியிலிருந்து ஒரு பட்டை புறப்பட்டு, எந்திரத்தைச் சுற்றித் தண்ணீரை ஓடச் செய்யும் வாட்டர் பம்பையும், மின்சாரம் ஆக்கும் டைனமோவையும் அல்லது அதன் வாரிசான ஆல்டர்னேட்டரையும் சுழற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. பழைய வண்டிகளில் ரேடியேட்டரின் பின்னாலிருந்து காற்றை இழுக்கும் விசிறியும் இதே பட்டையில்தான் சுற்றியது. அதனால்தான் பட்டைக்கு ‘ஃபேன் பெல்ட்’ என்ற பெயர் நிலைத்து, விசிறி தனி மின்மோட்டாருக்கு மாறிய வண்டிகளிலும் அப்பெயர் தொடர்கிறது.

இத்தகைய சுழலும் பொருள் எதுவும் குப்பங்களின் அன்றாடத்தில் இல்லாத காலம் மிக அண்மை வரை நீடித்தது. டச்சுக்காரர் இங்கே வெடிமருந்து ஆலை நடத்தி, அதன் சரக்கைக் கீழைக் கடல்களிலுள்ள தங்கள் நிலையங்களுக்கு அனுப்பியவர்கள். ஆகையால் தொழிற்கூடம் என்பதே பழவேற்காடு அறியாத ஒன்றாகிவிடாது. ஆனால் மீனவர் வாழ்க்கை காற்று, கோல், துடுப்பு ஆகிய மூன்றின் ஆற்றலில் நடந்தது. சரக்குப் போக்குவரத்தும் நீர்வழியையே நம்பியிருந்தது. பேசில் காக்ரேன் என்பவர் 1801இல் பெற்ற உரிமையின்படி வெட்டத் தொடங்கி, 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை திறக்கப்பட்ட கால்வாய் பின்னர் வடக்கே நீண்டு பழவேற்காட்டு ஏரியைத் தொட்டது; 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக மேலும் விரிவாக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என வழங்கலாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு இந்த வழியாகத்தான் சென்னையின் அடுப்புகளுக்கு வந்தது. கரையோரம் நடந்து இழுக்கும் ஆட்களும் பாயும் சேர்ந்து நகர்த்திய அப்படகுகளில் தேய்ந்து அறுபடக்கூடியது கயிறு ஒன்றுதான். அதைத் திரிக்கவும் முடிச்சிடவும் தெரிந்த கைகள் கரையிலேயே இருந்தன. பட்டையோடு வந்த மாற்றத்தின் சாரம் இதில்தான் இருக்கிறது: பழுதானதைத் தன் கையால் செய்துகொள்ள முடியாமல், எண் சொல்லிக் கடையில் வாங்கியாக வேண்டிய பொருளைக் குப்பத்து வாழ்க்கை முதன்முறையாக நம்ப வேண்டி வந்தது.

பட்டை இந்த வட்டாரத்துக்கு ஏரி வழியாக வரவில்லை. வயல் வழியாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்னும் அதிகாரி எண்ணெய் எந்திரங்களைக் கொண்டு நீர் இறைப்பதைப் பரப்ப முயன்றார். குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையை 1903 அளவில் இங்கே சோதித்து, கமலைச் சால்களுக்கு உறுதியான தோல் செய்ய முனைந்தவரும் அவரே. எந்திரத்தின் சுழற்சியை இறைப்பானுக்குக் கொண்டுசேர்த்தது தட்டையான நீண்ட தோல்பட்டை அல்லது ரப்பர் ஏற்றிய கித்தான் பட்டை. பொன்னேரி போன்ற நெல் விளையும் வட்டாரங்களில் அரிசி ஆலைகள் பெருகியபோது இதே தட்டைப்பட்டை கூரையடியில் ஓடும் நீளத் தண்டிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் இறங்கியது. 1899இல் சென்னையை வடக்கோடு இணைத்த ரயில்பாதை பொன்னேரி வழியாகச் சென்றதால், இத்தகைய ஆலைப் பொருள்களும் அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்களும் ரயிலடி ஊர்களிலேயே தங்கினார்கள். பழவேற்காடு ரயிலடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், சாலையின் கடைசியில் இருந்தது.

தட்டைப்பட்டை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சட்டமே சான்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தின் அருகே பட்டையைப் புல்லியில் ஏற்றும் வேலையைத் தனிப் பயிற்சி பெற்ற, உடலோடு ஒட்டிய உடை அணிந்த ஆண் தொழிலாளியே செய்ய வேண்டும் என்றும், பட்டையின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் ஓடும் புல்லியில் அதைத் தொடவே கூடாது என்றும் விதித்தது. வேட்டியும் தோளில் துண்டுமாக வேலை செய்யும் நாட்டில் இந்த விதியின் பொருள் எளிதில் விளங்கும். மோட்டார் வண்டியின் பட்டை விரல் அகலமே உள்ளதென்றாலும் அதே ஆபத்து அதற்கும் உண்டு. எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும் என்ற பட்டறை ஒழுங்கு இந்தப் பழைய அனுபவத்தின் தொடர்ச்சியாகும்.

மோட்டார் வண்டிகளிலும் முதலில் தட்டைப்பட்டைதான் இருந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் காரின் விசிறியை அத்தகைய பட்டையே சுழற்றியது. தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர, அக்காரில் நீரைத் தள்ளப் பம்பு கிடையாது. சூடான நீர் தானாக மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பை நம்பியே எந்திரம் குளிர்ந்தது என்பதால், பட்டை அறுந்தாலும் உடனே பேராபத்து இல்லை. எந்திரத்தின் ஆற்றல் பெருகிப் பம்பும் மின்னாக்கியும் பட்டையின் பொறுப்பில் சேர்ந்த பின் தட்டைப்பட்டை வழுக்கத் தொடங்கியது. 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கிய ஆப்பு வடிவப் பட்டை இதற்கு விடையாக அமைந்தது. இதன் குறுக்குவெட்டு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். புல்லியின் பள்ளமும் அதே சரிவில் வெட்டப்பட்டிருக்கும். பட்டை பள்ளத்தின் அடியைத் தொடாமல், இரு பக்கச் சரிவுகளில் மட்டும் நெருங்கி அமர்வதால், இழுவை கூடக்கூட அது மேலும் இறுகிப் பிடிக்கிறது. ரப்பர் உடலும், உள்ளே இழுவையைத் தாங்கும் நூல் வரிசையும், மேலே துணி உறையும் கொண்ட இந்தப் பட்டைகளைத் தமிழர் நன்கறிந்த பெயரில் செய்தது மதுரை கோச்சடையின் ஃபென்னர் தொழிற்சாலை. அதன் தாய் நிறுவனம் 1861இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் தோல்பட்டை செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது.

ஆப்புப் பட்டையின் பரவலுக்கு அதன் எண் முறை பெரிதும் துணைசெய்தது. தொழிற்கூடப் பட்டைகளில் மேல் அகலம் 13 மில்லிமீட்டர் உள்ளது ‘ஏ’, 17 மில்லிமீட்டர் உள்ளது ‘பி’ என வகுக்கப்பட்டு, அதன் பின் உட்சுற்றின் நீளம் அங்குலத்தில் குறிக்கப்படுகிறது. ‘பி 52’ என்றால் போதும், எந்த ஊர்க் கடையிலும் ஒரே பட்டை கிடைக்கும். இந்தியத் தர நிறுவனமும் ஐ.எஸ். 2494 என்ற தரத்தின்கீழ் இவற்றை ஒழுங்குபடுத்தியது. நீளம் அறிந்து வாங்கும் பொருள், முழத்தால் அளந்து வெட்டிக்கொள்ளும் கயிற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் கரைவாழ் மக்களின் நிலையிலிருந்து பார்த்தால்தான் உணர முடியும். ஓர் அங்குலம் நீண்டதை வாங்கினால் இறுக்க இடம் போதாது. ஓர் அங்குலம் குறைந்ததை வாங்கினால் புல்லியில் ஏறாது.

இவ்வளவுக்கும் பழவேற்காடு எந்திர உலகத்துக்குத் தொலைவில் இருந்த ஊரும் அல்ல. ஏரியின் தெற்கே எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டு, ஆஸ்டின் கார்களை ஒன்றுகூட்டத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயரோடு லாரி, பேருந்து உற்பத்தியில் நிலைபெற்றது. டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் சென்னை பாடியில் நிறுவப்பட்டது. பட்டை சுழற்றும் கருவிகளில் முதன்மையானது இவ்வாறு ஏரியிலிருந்து அரைநாள் பயணத்துக்குள் உற்பத்தியானது. இருந்தும், குப்பத்தில் நின்றுபோன வண்டிக்கு வேண்டிய பட்டை பொன்னேரிக் கடையில் இல்லையென்றால் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ, பழைய உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டைக்கோதான் ஆள் போக வேண்டியிருந்தது. தொழிற்சாலை அருகில் இருப்பதும் அதன் பொருள் கைக்கெட்டுவதும் வேறு வேறு என்பதைத் திட்டமிடுவோர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஏரியிலிருந்து மீன் சாலை வழியாகச் செல்லும் பழக்கம் வலுப்பெற்றதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் பக்கிங்ஹாம் கால்வாயைச் சிதைத்த பின் நீர்வழிச் சரக்குப் போக்குவரத்து மீளவே இல்லை. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தீவின் விறகு வணிகமும் முடிந்துபோனது. இதே காலத்தில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை விரிந்தது. 1972இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது அந்த விரிவின் அடையாளம். உப்பிட்டு உலர்த்திய கருவாடு நாள்கணக்கில் காத்திருக்கும். ஏற்றுமதிக்கான இறாலும் உயிரோடு விலைபோகும் சேற்று நண்டும் அப்படிக் காத்திருக்கா. ஐஸ் கட்டி, அதை நொறுக்கும் பொறி, மூடிய பெட்டி, விடியலுக்குள் சந்தை சேரும் வண்டி ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. இவற்றில் ஐஸ் ஆலையின் அழுத்துபொறியையும் ஐஸ் நொறுக்கும் பொறியையும் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து பட்டைகளே சுழற்றின என்பதையும் சேர்த்துக்கொண்டால், கருவாட்டிலிருந்து பச்சை மீனுக்கு நகர்ந்த வணிகம் உண்மையில் ரப்பர்ப் பட்டைகளின்மேல் நகர்ந்தது எனலாம்.

இந்த இடத்தில் ஏரியின் பாடு முறையைக் கருத வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் சில நீர்ப்பகுதிகளில் எந்த ஊரார், எந்தக் குடும்பத்தார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கமே பாடு எனப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பழைய குப்பங்களின் உரிமைகள் இதைச் சார்ந்தே அமைந்தன. ஆய்வாளர்கள் இம்முறையை, வளத்தைச் சமமாகப் பகிரும் ஏற்பாடாகப் போற்றுகிறார்கள், அது சரியே. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தன் முறை வந்த நாளில் கிடைத்த இறாலை அன்றே விற்றாக வேண்டும். அன்று வண்டி வழியில் நின்றால் மறுநாள் அதே இடத்தில் வலை கட்டி இழப்பை ஈடுசெய்ய முடியாது, ஏனென்றால் மறுநாள் முறை வேறொருவருடையது. வண்டி வியாபாரிக்குச் சொந்தமானதாக இருந்து இழப்பு முதலில் அவர் தலையில் விழுந்தாலும், முன்பணக் கடனால் வியாபாரியோடு பிணைந்த மீனவரிடம் அது விலைக்குறைப்பாகவோ தாமதமான பணமாகவோ வந்து சேரும். நீரைப் பகிர்வதற்கு இவ்வளவு நுட்பமான விதி வகுத்த சமூகத்தில், வண்டியைப் பராமரிக்கும் பொறுப்பு உரிமையாளர், கூலி ஓட்டுநர், மெக்கானிக் ஆகிய மூவருக்கு இடையே எழுதா நிலையில் நின்றது.

பட்டையைச் சோதிக்கும் கலை பார்வையிலும் தொடுதலிலும் காதிலும் அடங்கியது. எந்திரம் ஆறியிருக்கும்போது பட்டையைக் கையால் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். குறுக்கே ஓடும் வெடிப்புகள், ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல், பக்கச் சரிவில் கண்ணாடிபோல் ஏறிய பளபளப்பு ஆகிய மூன்றும் முதன்மையான அறிகுறிகள். இவற்றில் பளபளப்பைத் தேய்மானமாகக் கருதாமல் புதுமையின் மெருகாக எண்ணி விட்டுவிடுவது அனுபவமற்றோர் செய்யும் பிழை. பட்டை வழுக்கி, வழுக்கலால் சூடேறி, சூட்டால் ரப்பர் இறுகியதே அந்த மினுக்கு. அடுத்துப் பட்டை பள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கங்கள் தேய்ந்த பட்டை கீழிறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பின் பிடிப்பு போய்விடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. இறுக்கத்தை அறிய, இரு புல்லிகளுக்கு இடையிலுள்ள மிக நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அரை அங்குலம் அளவுக்கு, அதாவது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை, தாழ்ந்தால் போதுமானது.

இறுக்கம் குறைந்த பட்டை, காலையில் எந்திரத்தைத் தொடங்கியதும் கீச்சிடும். ‘பெல்ட் கத்துது’ என்று பட்டறைகளில் சொல்வது இதையே. ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தை பேட்டரிக்குத் திரும்ப ஏற்றுவதற்காக ஆல்டர்னேட்டர் அப்போது அதிகச் சுமை ஏற்பதே கத்துவதற்குக் காரணம். மாறாக, கத்தலுக்கு அஞ்சி அளவுமீறி இறுக்கினால் கத்தல் நிற்கும், ஆனால் வாட்டர் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தேய்ந்து, சில நூறு ரூபாய்ச் செலவு சில ஆயிரமாகும். பழைய வண்டிகளில் பட்டையை மாற்றுவதற்கு, ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டையும் வளைந்த பள்ளத் தகட்டிலுள்ள இறுக்கு போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எந்திரத்தை நோக்கித் தள்ளினால் பட்டை தளர்ந்து கழன்றுவரும். புதியதை அதே வழியில் ஏற்றி, ஒரு கம்பியால் ஆல்டர்னேட்டரை வெளியே நெம்பிப் பிடித்தபடி போல்ட்டை முறுக்க வேண்டும். தளர்த்தும் சிரமத்தைத் தவிர்க்க ஸ்க்ரூட்ரைவரால் பட்டையைப் புல்லியின் விளிம்புமேல் நெம்பி ஏற்றுவோர் உண்டு. அப்போது உள்ளிருக்கும் நூல் வரிசையில் சில இழைகள் அறுந்து, வெளியே தெரியாத அந்தக் காயத்தால் புதுப்பட்டை விரைவில் போய்விடும். புதுப்பட்டை ஓடத் தொடங்கிய பின் சற்று நீண்டு பள்ளத்தில் பதியும் என்பதால், சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்கம் பார்ப்பது அவசியம். அவசரத்தில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான்.

ஏரிக்கரை வண்டியின் பட்டைக்கு நகரத்து வண்டியின் பட்டையை விடக் கூடுதலான எதிரிகள் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு எந்திரத்தின்மேல் படிந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால், இரண்டொரு நாள் ஓடாமல் நின்ற வண்டியின் புல்லிப் பள்ளங்களில் துரு ஏறுகிறது. துருவால் சொரசொரத்த பள்ளம் அரம் போலப் பட்டையின் பக்கங்களை அராவுகிறது. நுண்மணல் பட்டைக்கும் புல்லிக்கும் இடையில் அகப்பட்டு அதே வேலையைச் செய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த சாலைகளில் தேங்கும் நீர் தெறித்துப் பட்டையை வழுக்கச் செய்கிறது. எந்திரத்திலிருந்து கசியும் டீசலும் மசகெண்ணெயும் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்குகின்றன. ஆகையால் இங்கே பட்டையை மட்டும் மாற்றிப் புல்லியைப் பாராமல் விடுவது வீண்செலவு. துருவைச் சுரண்டித் துடைத்து, புல்லியைக் கையால் சுழற்றி பேரிங் ஓசையைக் கேட்டு, எல்லாப் புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு நேர்க்கம்பியை வைத்துப் பார்த்த பிறகே புதியதை ஏற்ற வேண்டும். வழியில் அறுந்த பட்டைக்குப் பதிலாக நைலான் கயிற்றைக் கட்டி ஓட்டும் உபாயம் ஓட்டுநர் பலரும் அறிந்தது. கயிற்றுக்குக் குறைவில்லாத மீனவக் கரையில் அது எளிதாகத் தோன்றும். முடிச்சு ஒவ்வொரு சுற்றிலும் புல்லியில் மோதுவதாலும், வழுக்கும் சூட்டில் நைலான் உருகுவதாலும், அது அடுத்த ஊர் வரை கொண்டுசேர்த்தாலே பெரிது.

படகுகளின் நிலை இதற்கு நேர்மாறானது என்பது கவனிக்கத்தக்கது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் ஏற்றக்கூடிய படகுகளையும், கரையேறும்போது தூக்கிக்கொள்ளும்படியான டீசல் உந்துபொறிகளையும் சோதித்தது. அதன்பின் கண்ணாடியிழைப் படகுகள் மெல்லப் பரவி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தில் பெருகி, கட்டுமரத்தைப் பெரிதும் ஒதுக்கிவிட்டன. இப்படகுகளில் பலவற்றில் உள்ள ஒற்றை உருளை டீசல் எந்திரம் காற்றாலேயே குளிர்வது. விசிறி இறகுகள் அதன் பறப்புச் சக்கரத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். கையால் சுழற்றியே தொடங்கப்படுவதால் பேட்டரி இல்லை, பேட்டரி இல்லாததால் மின்னாக்கி இல்லை, நீர் இல்லாததால் பம்பும் இல்லை. ஆகவே பட்டைக்கே வேலை இல்லை. நடுக்கடலில் மாற்றுப் பாகம் கிடைக்காது என்பதை உணர்ந்த வடிவமைப்பின் வெற்றியாக இதைக் கொள்ளலாம். சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகளில் லாரி எந்திரங்களின் வழிவந்த பெரிய எந்திரங்கள் உள்ளதால் அவற்றில் பட்டைகள் உண்டு. ஆனால் மணல் மூடி ஆழம் குறைந்த பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குள் அவை நுழைவதற்கில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீரை விசைப்படகுகளுக்கு விலக்கிவைத்தது. இதனால் பழவேற்காட்டில் பட்டை என்பது முழுக்க முழுக்கக் கரைப்பொருளாகவே நின்றது: ஏரியில் அதற்கு இடமில்லை, சாலையில் அது இல்லாமல் நகர்வில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சாலை வண்டியும் மாறிவிட்டது. 2005இல் வந்த டாட்டா ஏஸ், ‘குட்டி யானை’ என்ற செல்லப்பெயரோடு, குறுகிய குப்பத்துத் தெருக்களுக்குள் நுழையும் மீன்வண்டியாயிற்று. அதன் எந்திரம் ஓட்டுநர் அறைக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், சாலை நீரும் மணலும் பட்டைக்கு மேலும் அருகில் வந்தன. சோதிக்க விரும்புபவர் இருக்கையைத் தூக்கியோ வண்டிக்கு அடியில் படுத்தோ பார்க்க வேண்டியதாயிற்று. பார்ப்பது கடினமானால் பார்ப்பது குறையும் என்பதற்குத் தனிச் சான்று தேவையில்லை. மற்றொரு மாற்றம் பட்டையின் வடிவிலேயே நேர்ந்தது. 1979இல் அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் காரில் அறிமுகமான, பல நுண்வரிகள் நீளவாக்கில் ஓடும் தட்டையான ஒற்றைப்பட்டை, பின்னர் உலகெங்கும் பரவி இந்திய வண்டிகளுக்கும் வந்தது. பம்பு, ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், குளிர்சாதனம் என அனைத்தையும் வளைந்து வளைந்து சுற்றிவரும் இதன் இறுக்கத்தை, வில்விசையுள்ள டென்ஷனர் எனும் தனிப்பகுதி தானாகவே காக்கிறது. கழற்றும் முன் பட்டை செல்லும் வழியை வரைந்துகொள்ளாவிட்டால் திரும்ப ஏற்றுவது புதிராகிவிடும்.

இதைவிட முக்கியமான மாறுதல் ரப்பரில் வந்தது. பழைய ரப்பர் வெடித்துத் தன் முதுமையைத் தானே சொன்னது. 1990களுக்குப் பின் பரவிய இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை, மாறாக வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் மெல்லத் தேய்ந்து அகல்கிறது. கண்ணுக்குப் புதிதுபோலத் தெரியும் பட்டை உண்மையில் பிடிப்பை இழந்திருக்கலாம் என்பதால், வரிகளில் வைத்துப் பார்க்கும் சிறு அளவுகோல் தேவையாயிற்று. ஓசையைப் பிரித்தறியவும் ஒரு முறை உண்டு: ஓடும் பட்டையின் வரிப்பக்கத்தில் எட்ட நின்று சிறிது நீர் தெளித்தால், கத்தல் கூடினால் இறுக்கக் குறைவு, சற்று நின்று மீண்டும் வந்தால் புல்லிகளின் நேர்கோடு பிசகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டைவிரலும் கண்ணும் தந்த அறிவு இங்கே பாதியளவே உதவுகிறது. முன்பு கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகளில் பிரிந்திருந்த வண்டிகளில் ஒரு பட்டை அறுந்தாலும் மற்றது ஓடியது. இப்போது ஒன்று போனால் எல்லாம் போகின்றன. ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று எரியும் சிவப்பு விளக்கு; அதைக் கண்டவுடன் நிறுத்தாமல் ‘பேட்டரிதானே’ என்று ஓட்டிச் செல்வோர், வெப்பமுள் ஏறிய பின், உருளைத் தலை வளைந்துபோன எந்திரத்தோடு நிற்கிறார்கள்.

பொன்னேரியில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இயங்குகிறது. சென்னை ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை 1968 முதல் படகு எந்திரம் இயக்குவோரைப் பயிற்றுவிக்கிறது. வலை, படகு, பாடு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. ஆனால் மீன்வண்டி மெக்கானிக்குகளின் கணக்கேடுகளும், எந்த வண்டிக்கு எந்த எண் பட்டை என்று அவர்கள் சுவரில் எழுதிவைத்த பட்டியல்களும், உப்புக் காற்றில் பட்டை எத்தனை மாதம் தாங்குகிறது என்ற அவர்களது அனுபவக் கணிப்பும் பட்டறை மூடும்போது அவற்றோடு போய்விடக்கூடியவை. ஆப்புப் பட்டை காலத்து மெக்கானிக்குகள் இன்னும் வேலையில் இருக்கும்போதே அவர்களைத் தேடிச் சென்று இந்த விவரங்களைப் பதிவுசெய்யும் பொறுப்பை மீன்வளக் கல்லூரியின் மாணவர்களும் உள்ளூர் வரலாறு எழுதுவோரும் ஏற்க வேண்டும்.